திருச்சி வரை நீண்ட மேசை

புன்னைக்கரை சார்பு நீதிமன்றத்தின் பின்கட்டில், பழைய பதிவறைக்கு வெள்ளையடித்து, சமரச மையம் என்று பலகை மாட்டியிருந்த அறையில் கிடந்த தேக்கு மேசை, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, உப்பளத்தைப் பாகம் பிரிக்க வந்திருந்த ஓர் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்ததும், ஐந்தடியிலிருந்து பதினோரடியாக நீண்டது. சத்தம் ஒன்றும் இல்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பு ஆடவில்லை, ஆனால் அது இப்போது அண்ணனுக்கும் எட்டவில்லை, தம்பிக்கும் எட்டவில்லை. வக்கீலாக இருந்து சமரசரான வேதரத்தினம் எழுந்துபோய் இருவருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையின் நடு எது என்று கண்ணளவில் பார்த்து, அங்கே போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வழக்கிலும் முதலில் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னார்.

"நான் ஜட்ஜ் இல்லை. யார் பக்கம் நியாயம்னு சொல்றதுக்கு நான் இங்க உக்காரல. நான் ரெண்டு பேருக்கும் பொது. இங்க பேசுற எதுவும் இந்த ரூமைத் தாண்டிப் போகாது."

மூன்றாவது அமர்வில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனார்கள். மேசை ஐந்தடிக்குத் திரும்பியது. தம்பி வெளியே போகும்போது, "நல்ல மேசை சார்," என்று மட்டும் சொன்னான்.

மேசை அளப்பது சண்டையை அல்ல என்பது ஊருக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்திய புருஷன் பெண்டாட்டிக்கு அது ஏழடிதான் நீண்டது. ஆனால் பொதுக் கிணற்று வழக்கில் வந்த இரண்டு சகோதரிகள், "அக்கா இஷ்டப்படியே ஆகட்டும்," என்றும், "இல்லைங்க, தங்கச்சி எப்படிச் சொல்லுதோ அப்படியே," என்றும் மாற்றி மாற்றி மரியாதையாகப் பேசப் பேச, மேசை மேற்குச் சுவரில் போய் முட்டி, காரையை உதிர்த்து, செங்கல்லைத் தள்ளி, தெருவைக் கடந்து, பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாசலில் போய் நின்றது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்தார். உடைந்த இடத்தை அளந்தார். மேசையின் அகலத்துக்குச் சரியாகச் சுவரில் ஒரு வழி வைத்து, மழைக்கு அடைக்கக் கதவும் போட்டு, தம் கோப்பில் அதற்கு மேசைப்போக்கு என்று பெயர் எழுதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மேசை புன்னைக்கரையின் அன்றாடத்தில் ஒன்றாயிற்று. எதிர்க்கடையில் டீ போடும் பக்கிரிசாமி, காலையில் கடை திறந்ததும் மேசைப்போக்கு வழியாகத் தலையை விட்டு, "வக்கீலய்யா, இன்னிக்கி கேஸு பெருசா சின்னதா? பெருசுன்னா நான் பெஞ்சு எடுத்துப் போடல," என்று கேட்டுக்கொள்வான். பெரிய வழக்கு நடக்கும் நாளில் அவன் கடைக் கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் மேசைமேல்தான் இருக்கும். வெயில் இருந்தால் பெண்கள் அதில் சுண்டைக்காயும் நெத்திலியும் காயப் போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்றபடியே வீட்டுப்பாடம் எழுதினார்கள். மைய எழுத்தர் ரஹ்மத்துன்னிஷா, இருதரப்பும் ஒத்துவரும் முகம் தெரிந்ததும் வாசலுக்கு வந்து கைமணியை அடிப்பார். மேசை சுருங்கப் போகிறது, சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். மணிச் சத்தத்தைக் கவனிக்காத ஒரு வாத்தியாரின் சாப்பாட்டு அடுக்கு ஒருமுறை மேசையோடு உள்ளே வந்துவிட்டது. ஜீவனாம்ச வழக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் அதைத் திறந்து பார்த்து, எலுமிச்சம் சாதம் என்று ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் உட்காரவைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு கூட்டம் தாம்பூலத் தட்டோடு வந்தது. ரஹ்மத் விடவில்லை.

"கேஸ் நம்பர் இருக்கா?"

"கல்யாணத்துக்கு எதுக்கும்மா நம்பரு?"

"கோர்ட்டு அனுப்பி, பதிவேட்டுல நம்பர் ஏறி, ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் இது சமரசம். இல்லாட்டி இது வெறும் மேசை, நீங்க வெறும் ஜனம். தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டு, கல்யாணம் ஆகி சண்டை வந்தா வாங்க."

மாதாந்தரப் படிவத்தில் வந்த வழக்கு எத்தனை, முடிந்தது எத்தனை என்பதற்குக் கட்டம் இருந்தது. மேசை நீளத்துக்கு இல்லை. ரஹ்மத் அதைக் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதி அனுப்பினார். தேவையற்ற விவரங்களைத் தவிர்க்கவும் என்று மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. புதிய சமரசச் சட்டம் வந்ததையொட்டி இரண்டு நாள் புத்தாக்கப் பயிற்சி நடத்தச் சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், வட்ட மேசைக்கு முனை கிடையாது, முனை இல்லாவிட்டால் எதிரெதிர் கிடையாது என்று விளக்கி, வட்ட மேசை ஒன்றைத் தருவித்துப் போட்டார். முதல் வழக்கிலேயே அது வெள்ளரிக்காய் மாதிரி ஆகி, பிறகு பலகையாகி, மேசைப்போக்கு வழியாகத் தெருவுக்குப் போயிற்று. அவர் அதன் கூடவே நடந்துபோய், பக்கிரிசாமி கடையில் ஒரு டீ குடித்து, தம் அறிக்கையில் உள்ளூர் நடைமுறை என்று எழுதிக்கொண்டு ரயில் ஏறினார். பழைய தேக்கு மேசையே திரும்ப உள்ளே வந்தது. காணொளியில் சமரசம் பேசலாம் என்று மடிக்கணினி கொடுத்தார்கள். மேசை நீண்டதும் மின்கம்பி பிடுங்கிக்கொண்டது. நீளமான கம்பி வாங்கினார்கள். எல்லாம் இப்படித்தான் பழகிப்போயிற்று.

பழகாதது ஒன்றுதான், அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மேசை எவ்வளவு நீண்டாலும் சமரசர் அதன் நடுவில்தான் உட்கார வேண்டும். நடு சில நாள் அறைக்குள் இருக்கும், சில நாள் தெருவில் இருக்கும், சகோதரிகளின் வழக்கில் பேருந்துகள் திரும்பும் இடத்தில் இருந்தது. அங்கே வேதரத்தினம் கறுப்புக் கோட்டோடு, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த முனையில் ஒருவர் புள்ளியாகத் தெரிவார், அந்த முனையில் ஒருவர் புள்ளியாகத் தெரிவார். அவர் எழுந்து ஒரு முனைக்கு நடந்துபோய், தனி அமர்வில் நாற்பது நிமிடம் கேட்டு, திரும்ப நடந்து மறு முனைக்குப் போய், அங்கும் கடிகாரத்தைப் பார்த்து நாற்பது நிமிடம் கேட்டு, சொல்லலாம் என்று அனுமதி பெற்றதை மட்டும் சொல்லி, சொல்லக் கூடாததை வைத்துக்கொண்டு, மறுபடி நடுவுக்கு வருவார். சாயங்காலம் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மகிழம்பூத் தெருவில் இருந்த தம் வீட்டுக்குப் போய், காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிடுவார். அறுபத்தொரு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம். ஒரே மகள் திலகவதி திருச்சியில் இருந்தாள். அவள் அவரோடு பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அது நடந்த விதம் இது.

ஆறு வருடத்துக்கு முன்னால் திலகவதி இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். புருஷன் மாடிப்படியில் தள்ளிவிட்டான் என்றாள். ஒரு வாரம் கழித்து மருமகன் இளங்குமரன் வந்தான். வேதரத்தினம் சென்னையில் நாற்பது மணி நேரப் பயிற்சி முடித்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தவர், ஊரில் எண்பது குடும்பங்களைச் சேர்த்துவைத்தவர். ஆகவே மகளை ஓர் அறையிலும் மருமகனை ஓர் அறையிலும் உட்காரவைத்தார். நான் ரெண்டு பேருக்கும் பொது என்றார். மகளிடம் நாற்பது நிமிடம் கேட்டார். மருமகனிடம் நாற்பது நிமிடம் கேட்டார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இளங்குமரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"தள்ளுனேன் மாமா. பின்னால படி இருக்குன்னு தெரிஞ்சுதான் தள்ளுனேன்."

அவர் அதைத் தாளில் எழுதினார். பிறகு கிழித்தார். மகளிடம் போய், ரெண்டு பேர்கிட்டயும் குறை இருக்கும்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க என்று சொல்லி, அன்று மாலைப் பேருந்தில் அவனோடு அனுப்பிவைத்தார். எட்டு மாதத்தில் அவள் தனியாக வெளியே வந்து, திருச்சியிலேயே வேலை தேடிக்கொண்டு, மணவிலக்குக் கேட்டு வழக்குப் போட்டாள். அவள் வழுக்கி விழுந்தாள் என்று இளங்குமரன் பதில் தாக்கல் செய்தான். திலகவதி அப்பாவிடம் தொலைபேசியில் பேசினாள்.

"அவர் உங்ககிட்ட ஒத்துக்கிட்டார்தானே அப்பா? எனக்குத் தெரியும். நீங்க அந்த ரூம்லேருந்து வந்தப்ப என் மூஞ்சியப் பாக்கல. கோர்ட்ல வந்து சொல்லுங்க."

"நம்பிக்கையில ஒருத்தர் சொன்னதை நான் வெளியில சொல்ல முடியாதும்மா."

அவள் போனை வைத்தாள். அதன் பிறகு பேசவில்லை.

இந்தக் கதை நடந்த ஏப்ரலில், ஒரு புதன்கிழமை, வரவேண்டிய இருதரப்பும் ஒரே கல்யாணத்துக்குப் போய்விட்டதால் வழக்கு தள்ளிப்போயிற்று. மையத்தில் இரண்டு மின்விசிறி, நடுவில் இருந்தது ஓடவில்லை. கிழக்கு முனையில் இருந்தது ஓடியது. மாதாந்தரப் படிவத்தை நிரப்பலாம் என்று வேதரத்தினம் அந்தக் காற்றுக்காகக் கிழக்கு முனையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்த மேசையின் முனையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மேசை நீள ஆரம்பித்தது.

எதிரில் யாரும் இல்லையே என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுமுனை அதற்குள் சுவரைத் தாண்டிவிட்டது. எழுந்து நின்றார், மேசை நீள்வது நிற்கவில்லை. வாசலுக்கு ஓடினார். மேசை பக்கிரிசாமி கடையைத் தாண்டி, பேருந்து நிலையத்தைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே வரப்போடு வரப்பாகப் போய்க்கொண்டிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பாத்தியில் நின்றபடி தலைச்சும்மாட்டை அவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்கள்.

"யாரு கேஸு வக்கீலய்யா, இம்மாந் தூரம் போவுது?" என்று பக்கிரிசாமி கேட்டான்.

வேதரத்தினம் உள்ளே போய் மாதாந்தரப் படிவத்தை எடுத்து மடித்து வைத்தார்.

இரண்டாம் நாள் அது திருத்துறைப்பூண்டியில் இருந்தது. அதன் மேற்கு ஓரத்தில் ச.மை.பு. என்று மையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்ததால், வழிநெடுக இருந்தவர்கள் ரஹ்மத்துக்குப் போன் செய்தார்கள். கோபமாக யாரும் பேசவில்லை. சந்தை நாளில் கத்தரிக்காய் பரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மேலே படுக்கலாமா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் மன்னார்குடியிலிருந்து ஒரு போக்குவரத்துக் காவலர் பேசினார்.

"சார், ஒங்க மேசை ரவுண்டானாவுக்கு வந்திருக்கு. லெஃப்ட்ல திரும்புமா, நேரா போவுமா?"

ரஹ்மத் தொலைபேசியின் வாயைப் பொத்தி அதை வேதரத்தினத்திடம் நீட்டினார்.

"தெரியலைங்க," என்றார் அவர்.

"தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க சார். இங்க ஆறு பஸ்ஸு நிக்கிது."

வேதரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். "தஞ்சாவூர் ரோட்டுல விடுங்க," என்றார். "திருச்சிக்குப் போகுது."

ஏழாம் நாள் காலையில் அவருடைய சொந்தத் தொலைபேசி அடித்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"ஒங்க மேசை என் சமையல்கட்டுல வந்து நிக்கிது. பின்கதவை மூட முடியல. எந்த ஊர்ப் பூனையோ அது மேலயே நடந்து வந்து பாலைக் குடிச்சிட்டுப் போயிடுச்சு."

"திலகா... இதுல உன் தரப்புல என்ன..."

"தரப்பா?"

அவர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"இன்னும் அதேதானாப்பா? சரி. நான் சொல்லிடறேன். பதினெட்டாம் தேதியோட என் சாட்சியம் முடியுது. கை ஒடைஞ்சதுக்கு டாக்டர் சீட்டு இருக்கு. தள்ளுனதுக்கு ஒண்ணும் இல்ல. அது இல்லாம கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டார். தள்ளுபடி ஆனா நான் இன்னும் அவர் பொண்டாட்டிதான். உங்களை வரச் சொல்லிக் கூப்பிடல. மேசையை எடுத்துக்கங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அன்று அவர் மையத்துக்குப் போய், கிழக்கு முனை நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஹ்மத் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ரஹ்மத், நீ ஒரு உதவி பண்ணும்மா. இந்த மேசைக்கு நடுவுல நீ போய் உக்காந்து, ரெண்டு பேர்கிட்டயும் பேசிப் பாரேன். பன்னெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கே, உனக்கு எல்லாம் தெரியும்."

"நடு எங்க சார் வருது?"

"வடுவூர் ஏரிகிட்ட."

"பஸ்ஸுல போயிடலாம். என்ன விஷயம்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் சொன்னார். மருமகன் என்ன சொன்னான் என்பதைச் சொல்லவில்லை. தம்மிடம் நம்பிக்கையில் சொல்லப்பட்ட ஒன்று இருக்கிறது, மகள் அதைக் கேட்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

"கேஸ் நம்பர் சார்?"

"என்ன?"

"நம்பர் சொல்லுங்க. பதிவேட்டுல எடுக்கறேன்." ரஹ்மத் அலமாரியிலிருந்து ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை இறக்கி, புறங்கையால் தூசியைத் தட்டி, பக்கங்களைப் புரட்டினார்.

"அது வீட்டுல நடந்ததும்மா."

"அனுப்புன கோர்ட்டு?"

"கோர்ட்டு அனுப்பல."

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம்?"

"இல்ல."

ரஹ்மத் பதிவேட்டை மூடினார். "அப்ப அங்க சமரசர்னு யாரும் இல்லையே சார். மாமனாரும் மருமவனும் பேசியிருக்காங்க. நம்பர் இல்லாத கேஸுல என்ன சார் ரகசியம்? நான் போய் வடுவூர்ல உக்காந்தாலும், எதுக்கு உக்காந்திருக்கேன்னு கேட்டா என்ன சொல்வேன்?"

இது வேதரத்தினத்துக்குத் தெரியாததல்ல. முப்பது வருடம் வக்கீலாக இருந்தவர். ஆறு வருடமாக, ரசம் கொதிக்கும்போதும், சட்டையை மடிக்கும்போதும், தெருவின் நடுவில் குடையோடு உட்கார்ந்திருக்கும்போதும் அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது. அந்த அறையில் சமரசர் யாரும் இல்லை என்று ஒத்துக்கொண்டால், அங்கே இருந்தது ஓர் அப்பா என்று ஆகிவிடும். கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மகளின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏற்றிய அப்பா. ரகசியத்தை அவர் காப்பாற்றவில்லை. ரகசியம்தான் அவரை ஆறு வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"லீவு லெட்டர் எழுதணும்," என்றார்.

"நான் எழுதித் தரேன். நீங்க அந்த வக்கீலுக்குப் போன் போடுங்க, சாட்சிப் பட்டியல்ல பேரைச் சேக்கச் சொல்லி," என்றார் ரஹ்மத்.

பதினேழாம் தேதி காலையில் அவர் பேருந்து ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேசை சாலையின் இடது ஓரமாகவே கூட வந்தது. மகளுக்கும் தமக்கும் இடையில் இருந்ததன் மீது ஊர்கள் எப்படிக் குடியேறியிருக்கின்றன என்று அவர் வழிநெடுகப் பார்த்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில் நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். ஓர் இடத்தில் தையல்காரர் இயந்திரத்தைத் தூக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் கைக்குழந்தையை அதில் கிடத்தி எண்ணெய் தேய்த்தார்கள். மன்னார்குடி ரவுண்டானாவில் காவலர் இரண்டு பக்கமும் பழைய டயர் கட்டி, பேருந்து இடிக்காமல் வைத்திருந்தார். எத்தனை பேர், எவ்வளவு பேச்சு. மேசை முழுக்க ஜனம் இருந்தது. அவருக்கும் அவளுக்கும் மட்டும் அதில் ஒன்றும் இல்லை.

வடுவூர் ஏரி வந்தது. கரையில், மேசை ஓரமாக, யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இது சமரச மேசை, நடுவில் ஓர் ஆள் உட்கார வருவார் என்று கேள்விப்பட்டுப் போட்டதாக இருக்கும். வெயிலுக்கு நாலு கழி நட்டு ஓலையும் வேய்ந்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது. நடத்துநர், "வடுவூர் எறங்குறவங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். வேதரத்தினத்தின் கை தன்னையறியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது. பிறகு விட்டது. நடத்துநர் விசில் ஊதினார்.

அன்று இரவு அவர் திருச்சியில் ஒரு லாட்ஜில் தங்கினார். மகள் வீட்டுக்குப் போகவில்லை. அவள் கூப்பிடவில்லை.

மறுநாள் குடும்பநல நீதிமன்றத்தில், ஊழியர் வாசலில் நின்று, "மனுதாரர் தரப்பு ரெண்டாவது சாட்சி வேதரத்தினம்," என்று மூன்று முறை கூப்பிட்டார். சமரசரான பிறகு தம் பெயருக்கு முன்னால் ஒரு தரப்பைச் சேர்த்து யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. கூண்டில் ஏறினார். திலகவதி முன்வரிசையில் இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இளங்குமரன் பின்வரிசையில் இருந்தான், கொஞ்சம் பருத்திருந்தான். மகளின் வக்கீல் கேட்டதற்கு அவர் நாலு வாக்கியத்தில் பதில் சொன்னார். அறை, நாள், மருமகன் சொன்ன வார்த்தைகள், தாம் கிழித்துப்போட்ட தாள். பிறகு இளங்குமரனின் வக்கீல் எழுந்தார். மூத்தவர், அவசரமே இல்லாதவர்.

"நீங்க பயிற்சி எடுத்த சமரசர். ரகசியத்தைக் காப்பாத்துறது உங்க தொழில் தர்மம். சரிதானா?"

"சரி."

"இன்னிக்கு மகளுக்காக அதை மீறுறீங்க."

"அன்னிக்கு அங்க சமரசம் நடக்கல. நடக்குற மாதிரி நான் வச்சுக்கிட்டேன்."

"ரொம்ப சௌகரியம்." வக்கீல் சிரித்தார். "சரி, நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், அப்பாவாவே பதில் சொல்லுங்க. ஒருத்தன் உங்ககிட்ட வந்து, உங்க பொண்ணை நான்தான் படியில தள்ளுனேன்னு சொல்றான். நீங்க அதே சாயங்காலம் அந்தப் பொண்ணை அவன்கூட பஸ் ஏத்தி விடுறீங்க. எந்த அப்பாவாவது அப்படிச் செய்வாரா? அவர் அப்படிச் சொல்லவே இல்ல, அதனாலதான் அனுப்பினீங்க. இதுதானே உண்மை?"

நல்ல கேள்வி என்று வேதரத்தினத்துக்குத் தோன்றியது. ஆறு வருடமாக மகள் கேட்காமல் வைத்திருந்த கேள்வியும் அதுதான்.

"சொன்னார்," என்றார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

வக்கீல் இன்னொரு கேள்விக்கு வாயைத் திறந்து, தம் தாளைப் பார்த்து, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். தட்டச்சர் அடித்து முடித்த வாக்குமூலத்தை எழுத்தர் சாட்சிக்குப் படித்துக் காட்டினார். வேறொருவர் குரலில், தட்டையாக, இடையில் மூச்சு வாங்காமல், எதிர்மனுதாரர் தள்ளியதாக என்னிடம் ஒப்புக்கொண்டது தெரிந்தே என் மகளை அவருடன் அனுப்பிவைத்தேன் என்பது வந்து முடிந்தது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

அப்போதுதான் திலகவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போன மாதிரி இல்லை. சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

வாதத்துக்கு அடுத்த மாதம் தேதி போட்டார்கள். வெளியே வந்தபோது மணி ஐந்து இருக்கும். திலகவதி வக்கீலோடு பேசிவிட்டு, படியிறங்கி, அவர் நின்ற வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறே காலுக்கு ஒண்ணு இருக்கு."

"அதுல கூட்டமா இருக்கும். நிக்க வேண்டி வரும். எட்டு மணிக்கு ஒண்ணு இருக்கு, அதுல போங்க."

"சரிம்மா."

"மேசை இன்னும் என் அடுப்படியிலதான் நிக்கிது. காலையில பாத்தேன். ஒரு அடிகூடக் குறையல."

"குறையாது," என்றார் அவர். "உடனே குறையாது."

"நான் ஒண்ணும் கேக்கல. சொன்னேன்."

அவள் நடந்தாள். அவர் நாலடி பின்னால் நடந்தார். நீதிமன்றத் தெரு முனையில் மேசை வந்து சேர்ந்துகொண்டு, சாலையோரமாக அவள் வீட்டுப் பக்கம் போயிற்று. யாரோ அதன்மேல் பூப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள், ஒரு கிழவர் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நடக்க இந்தப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது.